தன் கதையைத் தானே சொல்லட்டும்



இந்த மாதப் பாடம் எழுத்தைப் பற்றியது. கட்டுரைப் போட்டிக்கு எப்படி எழுதுவது, மேடைப் பேச்சுக்கு எப்படிக் குறிப்பு எடுப்பது என்பது இல்லை. வீடில்லாமல் வாழ்ந்தவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதி வெளியிடுவதைப் பற்றியது. "நாம சேவைக்குப் போறோம், சோறு கொடுக்கிறோம், துணி கொடுக்கிறோம். இதுல எழுத்து எங்கே வருது?" என்று நீங்கள் கேட்கலாம். சில வருடங்களுக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

இந்தப் பாடத்தை நடத்த எனக்கு ஒரு தகுதியும் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது. குறை என்னவென்றால், இந்த விஷயத்தில் நானே ஒரு பெரிய தப்புப் பண்ணியவன். தகுதி என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.

1. ஐந்தடியில் ஒரு பெரியவர்

ஈப்போவில் எங்கள் கிளை இளைஞர்கள் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவு உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுப்போம். கடைகளெல்லாம் மூடிய பிறகு, பழைய கடைவரிசைகளின் ஐந்தடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாரும் உண்டு. பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவோம். பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதில் ஒரு பெரியவர் எப்போதும் எழுதிக்கொண்டே இருப்பார். நாலு நம்பர் முடிவு அச்சடித்த தாளின் பின்பக்கத்தில், கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாளில், மருந்துப் பையில், எது கிடைத்தாலும் அதில். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இன்னொரு பையில் சுற்றி, தலைக்கு வைத்துப் படுப்பார். கணக்கு எழுதுகிறார் என்று நினைத்தோம். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"என்னங்க ஐயா எழுதுறீங்க?"

"தோட்டத்தப் பத்தி. எல்லாம் மறந்து போகுதுல்ல."

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் வெட்டியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்திருக்கிறார். தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். முகவரி என்று போட்டிருந்த இடத்தில் இன்னமும் அந்தத் தோட்டத்தின் பெயர்தான். "இந்த அட்டைய நம்பி யாராச்சும் கடுதாசி போட்டா, செம்பனை மரத்துக்குத்தான் போய்ச் சேரும்" என்று சிரித்தார்.

இந்தப் பாடம் அந்த இரவில்தான் எனக்குத் தொடங்கியது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

2. சட்டம் கேட்கும் கேள்வி

நம் நாட்டில் 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொது இடத்தில் யாரை ஆதரவற்றவர் என்று பிடித்துக்கொண்டு போகலாம் என்பதை அது விளக்குகிறது. மற்றவர்களுக்குத் தொல்லை தரும்படி பிச்சை எடுப்பவர் அதில் அடக்கம். பிச்சையே எடுக்காவிட்டாலும், வேலையின்றிப் பொது இடத்தில் இருந்து, பிழைப்புக்கு வழியோ தங்க இடமோ இருப்பதாகத் தெரியாதவரும் அடக்கம். இன்னொரு வகையும் உண்டு: தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாதவர்.

அந்தக் கடைசி வகையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தன்னைப் பற்றி விளக்கம் சொல்ல முடியாதவர். அப்படிப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, நலன் இல்லத்துக்கு அனுப்பலாம். 3 ஆண்டு வரைகூட அங்கே இருக்கும்படி உத்தரவு போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சட்டம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எடுக்கவில்லை. நோயாளிக்கும் முதியவருக்கும் கூரையும் மருந்தும் கிடைப்பது நல்ல காரியம்தான். நான் கவனித்தது வேறு. வீடுள்ள நம்மைப் பார்த்து நடுராத்திரியில் யாரும் "உன்னைப் பத்தி விளக்கம் சொல்லு" என்று கேட்பதில்லை. நம் வீட்டுக் கதவே நமக்குப் பதில் சொல்லிவிடுகிறது. கதவு இல்லாதவர் ஒவ்வொரு நாளும் வாய்திறந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போலீஸ்காரருக்கு, கடைக்காரருக்கு, நலன்துறை அதிகாரிக்கு, சோறு கொண்டுபோகும் நமக்கும்கூட. எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். கேட்கிறவருக்குத் தேவையான பதிலை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

ஒருவர் தானாக உட்கார்ந்து தன் கதையை எழுதும்போது இது தலைகீழாக மாறுகிறது. கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. எதைச் சொல்வது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்கிறார். சொந்தமாக ஒரு சாவிகூட இல்லாத மனிதருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

3. லயத்து வீடு யாருடைய வீடு?

நம் பேராக் மாநிலத்தில் இந்தக் கதை புதிது இல்லை. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் மரமாக நிற்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கன்றுகளுக்குப் பின்னால் வந்த ரப்பர்க் காட்டுக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்தார்கள். காட்டை அழித்தார்கள், நிரை பிடித்து நட்டார்கள், பால் எடுத்தார்கள், கோயில் கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த லயம் மட்டும் கடைசிவரை அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போச்சு.

1950-களில் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அப்துல் அசிஸ் தனியாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தைவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியே வந்தன.

அதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவரும் சுங்கை சிப்புட்காரர்தான். தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி வீதம் பங்குப் பணம் சேர்த்து, அந்தத் தொழிலாளர்களையே தோட்டத்துக்குச் சொந்தக்காரர்களாக ஆக்குவது திட்டம். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பலரைக் காப்பாற்றிய முயற்சி அது. எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. டவுனுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறின. வெளியே வந்தவர்களில் பலர் வாடகை வீடு, கம்பத்து வீடு, மலிவு விலை அடுக்குமாடி என்று எப்படியோ கரையேறினார்கள். சிலர் ஏறவில்லை. நோய், குடி, கடன், குடும்பச் சண்டை, அடையாளப் பத்திரம் இல்லாத சிக்கல் என்று ஆளுக்கு ஒரு காரணம்.

ஐந்தடியில் படுத்திருப்பவரைப் பார்த்து "ஏன் இவரு இப்படி ஆனாரு?" என்று நாம் கேட்கும்போது, காரணத்தை அந்த ஒரு ஆளிடம் மட்டும் தேடுகிறோம். அவருடைய கதையை அவரே எழுதினால், லயமும் கங்காணியும் விற்பனைப் பத்திரமும் அதில் வந்துவிடும். அவர் எழுதுவது நம் வரலாறும்கூட.

4. நமக்கு முன்னே எழுதியவர்கள்

வீடிழந்தவர் பாடுவதும் எழுதுவதும் நமக்குப் பழக்கமானதுதான். புறநானூற்றின் 112-ஆம் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தந்தையையும் பறம்பு மலையையும் ஒன்றாக இழந்த பாரி மகளிர் பாடியது. போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சின்னப் பாட்டு. கபிலர் பெரும்புலவர். அந்தப் பெண்களுக்குத் துணையாக நின்றவரும் அவர்தான். ஆனாலும் அந்த இழப்பை அவர்களே பாடிய பாட்டு தனியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பட்டினத்தாரையும் நமக்குத் தெரியும். காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், எல்லாவற்றையும் துறந்து ஓட்டோடு நடந்தவர். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நம் சமயத்தில் வீட்டைத் துறந்தவரைக் கும்பிடுகிறோம். அதே பழக்கத்தில், வீட்டை இழந்தவரைப் பார்த்து "அவரு எல்லாத்தையும் விட்டுட்டாரு, ஞானி மாதிரி" என்று சொல்லிவிடக் கூடாது. துறவி விட்டது அவராக விட்டது. இவரிடமிருந்தது பிடுங்கப்பட்டது. இரண்டையும் குழப்பினால் நம் கடமையிலிருந்து நாமே தப்பித்துக்கொள்கிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மேற்கு வங்காளத்தில் மனோரஞ்சன் பியாபாரி என்று ஒரு எழுத்தாளர். கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இடத்தில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்து, அகதியாக வந்த குடும்பம். முகாமில் வளர்ந்தார். சின்ன வயதிலேயே வீட்டைவிட்டு ஓடி, டீக்கடையிலும் இரயில் நிலையத்திலும் காலம் தள்ளினார். பள்ளிக்கூடம் போனதில்லை. வாலிப வயதில் சிறைக்குப் போனபோது அங்கேதான், மண்ணில் எழுத்துகளைக் கீறிக் கீறி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். வெளியே வந்து கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ரிக்‌ஷா இழுத்தார். கிடைத்த நேரமெல்லாம் படித்தார்.

ஒருநாள் அவர் வண்டியில் ஒரு அம்மையார் ஏறினார். படித்தவர் மாதிரித் தெரிந்ததால், ஒரு புத்தகத்தில் பார்த்த சொல்லுக்கு அர்த்தம் கேட்டார். "ஜிஜீவிஷா" என்றால் என்ன? வாழ வேண்டும் என்கிற வேட்கை என்று அவர் பதில் சொன்னார். அந்த அம்மையார்தான் புகழ்பெற்ற எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி. ரிக்‌ஷாக்காரர் இவ்வளவு படிக்கிறாரே என்று வியந்து, "என் பத்திரிகைக்கு உன் வாழ்க்கையை எழுதிக் கொடு" என்று கேட்டார். 1981-இல் அந்தப் பத்திரிகையில் பியாபாரியின் முதல் எழுத்து வந்தது, ரிக்‌ஷா இழுப்பதைப் பற்றி. பிறகு தன் வரலாற்றையே நூலாக எழுதினார். 2021-இல் மேற்கு வங்கச் சட்டமன்ற உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்தச் சொல் நம் சமய வகுப்புக்கும் புதிதில்லை. செயல்களைச் செய்துகொண்டே நூறாண்டு வாழ விரும்ப வேண்டும் என்று சொல்லும் ஈசாவாஸ்ய உபநிடதத்தின் இரண்டாவது மந்திரத்தில் வருகிற வினையும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். நாம் அதை மனப்பாடம் செய்தோம். பியாபாரி அதை வண்டியில் வந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இதில் மகாஸ்வேதா தேவி செய்ததைக் கவனியுங்கள். அவர் பெரிய எழுத்தாளர். "ஒரு ரிக்‌ஷாக்காரரைச் சந்தித்தேன்" என்று அவரே உருக்கமாக ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அவர் பக்கத்தை அந்த மனிதருக்குக் கொடுத்து, அவரையே எழுதச் சொன்னார்.

தமிழிலும் ஒரு உதாரணம் உண்டு. வெற்றிமாறன் இயக்கி 2015-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட "விசாரணை" படத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வேலை தேடி வெளியூர் போய், பூங்காவில் படுத்துறங்கும் இளைஞர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கும் கதை. அதற்கு மூலம் "லாக்கப்" என்ற நூல். எழுதியவர் கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார். 1983-இல் ஆந்திராவின் குண்டூரில் தனக்கு நடந்ததையே எழுதினார். நூலாக வந்தது 2006-இல். இடையில் இருபது வருஷத்துக்கு மேல். வலியை எழுத அவ்வளவு காலம் ஆகலாம். "உடனே எழுதுங்க, சூட்டோட சூடா போட்டுடலாம்" என்று நாம் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வெளிநாட்டில் இதை ஒரு ஏற்பாடாகவே செய்தார்கள். நியூயார்க்கில் 1989-இல் "ஸ்திரீட் நியூஸ்" என்ற தெருப் பத்திரிகை தொடங்கியது. வீடில்லாதவர்களே அதை விற்றுச் சம்பாதித்தார்கள். அதைப் பார்த்து லண்டனில் 1991-இல் "தி பிக் இஷ்யூ" வந்தது. தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் பேர்டு, தானே வீடில்லாமல் இருந்தவர். விற்பவர் பாதி விலைக்குப் பத்திரிகையை வாங்கி, முழு விலைக்கு விற்று, மீதியை வைத்துக்கொள்வார். நியூயார்க்கின் இரயில் நிலையத்துக்கு அடியில் படுத்து வாழ்ந்த லீ ஸ்டிரிங்கர் என்பவர், போதைக் குழாயைச் சுரண்ட வைத்திருந்த பென்சிலால் ஒருநாள் எழுத ஆரம்பித்தார். "ஸ்திரீட் நியூஸ்" அவர் எழுத்தை வெளியிட்டது, பிறகு அதற்கே அவர் ஆசிரியரானார். 1998-இல் அவர் நூலும் வந்தது.

நம் நாட்டிலும் உழைப்பாளிகளை எழுத வைத்த மரபு இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் "தமிழ் நேசன்" நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். எழுதத் தெரியாதவர்கள் என்று ஊர் நினைத்தவர்களை நம்பி அச்சில் பாடம் போட்டார்கள். இன்றைக்குக் கையிலிருக்கும் போனே அச்சகம். அனுமதி கேட்க ஆசிரியர் இல்லை, தபால் செலவு இல்லை. ஆனால் அதே சுலபம்தான் என்னைத் தப்புப் பண்ண வைத்தது.

5. நான் செய்த தப்பு

பெரியவர் ஒரு இரவு பத்துப் பதினைந்து தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். "படிச்சிப் பாருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் படித்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு தாளில் இப்படி இருந்தது:

"பெரட்டுல பேரு கூப்புட்டா இருக்கேன்னு சொல்லணும். சொல்லலேன்னா அன்னிக்கி வேல இல்ல. இப்ப யாரும் பேரு கூப்புடறதில்ல. நானா சொல்லிக்கறேன் இருக்கேன்னு."

விடியற்காலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். தமிழ் படித்தவன் இல்லையா, சும்மா இருப்பேனா? திருத்தினேன். "பெரட்டு" என்றிருந்ததை "அதிகாலை வருகைப் பதிவு" என்று மாற்றினேன். "இருக்கேன்" என்பதை "இங்கே இருக்கிறேன்" என்று ஆக்கினேன். தொடக்கத்தில் நானே இரண்டு பத்தி உருக்கமாகச் சேர்த்தேன். முன்பு ஒரு சனிக்கிழமை எடுத்த படத்தையும் வைத்தேன். பொட்டலத்தை நான் நீட்டுகிறேன், அவர் இரண்டு கையாலும் வாங்குகிறார். பெயரைப் போட்டேன், படுக்கும் தெருவின் பெயரையும் போட்டேன். எங்கள் கிளையின் முகநூல் பக்கத்தில் ஏற்றினேன். மத்தியானத்துக்குள் எங்கள் கிளை அதுவரை பார்க்காத அளவுக்குப் பாராட்டு. "நல்ல சேவை தம்பி" என்று எத்தனையோ பேர். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த முறை போனபோது அந்த இடத்தில் பெரியவர் இல்லை. வேறொரு ஐந்தடியில், தூணுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். பொட்டலத்தை வாங்கவில்லை.

"மக பாத்துட்டா தம்பி. அவ மாமியார் வீட்டுலயும் பாத்துட்டாங்க. நான் தைப்பிங்ல வேலையில இருக்கேன்னுதான் அவகிட்ட சொல்லியிருந்தேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. "மன்னிச்சிருங்க ஐயா, நல்லதுன்னு நெனச்சித்தான்..." என்று இழுத்தேன்.

"படிக்கத்தான் குடுத்தேன். போடுங்கன்னா சொன்னேன்?" கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதோட, அது நான் எழுதினது இல்ல. யாரோ வாத்தியாரு எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

அன்று இரவே அழித்தேன். ஆனால் தம்பி தங்கைகளே, நாம் அழித்தாலும் அது அழிவதில்லை. எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள், படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய மகளின் மனசில் பதிந்ததை எந்தப் பொத்தானை அழுத்தி அழிக்க முடியும்?

நான் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவரிடம் மிச்சமிருந்த ஒரே சொத்தை, எதைச் சொல்வது எதை மறைப்பது என்கிற உரிமையை, நான் எடுத்துக்கொண்டேன். கபிலர் செய்யாததை நான் செய்தேன்.

6. பெரியவர் சொன்ன நிபந்தனைகள்

மூன்று மாதம் அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் போவதை நிறுத்தவில்லை. எழுத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. ஒருநாள் ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவும் வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கழித்து அவரே ஆரம்பித்தார். "போடறதுன்னா போடலாம். ஆனா நான் சொல்றபடி." அவர் சொன்னதையும், பிறகு அவரோடு சேர்ந்து நான் கற்றதையும் சேர்த்து, நம் கிளைகள் கடைப்பிடிக்க வேண்டியவை என்று எழுதுகிறேன்.

ஒன்று: படிக்கக் கொடுத்தது வேறு, வெளியிடக் கொடுத்தது வேறு. ஒவ்வொரு முறையும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்று சரி என்றவர் நாளை வேண்டாம் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சோறு கொடுக்கும் கையாலேயே அனுமதி கேட்காதீர்கள். பொட்டலம் வேண்டும் என்பதற்காகத் தலையாட்டுவார்கள். வேறொரு நேரத்தில், உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டு: பெயர் அவர் விருப்பம். பெரியவர் தனக்கு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். அதை இங்கே நான் சொல்லப் போவதில்லை. நம் தமிழ் எழுத்தாளர்களில் பாதிப் பேர் புனைபெயரில் எழுதியவர்கள்தானே. முகம் தெரியும் படம் வேண்டாம். படுக்கும் இடம், வழக்கமாக உட்காரும் கடை எதுவும் எழுத்தில் வரக் கூடாது. இரவில் அவரைத் தேடி வருபவர் எல்லாரும் நல்லவராக இருக்க மாட்டார்கள்.

மூன்று: அவர் தமிழைத் தொடாதீர்கள். எழுத்துப் பிழையைத் திருத்தலாமா என்று கேட்டுவிட்டுத் திருத்துங்கள். சொல்லை மாற்றாதீர்கள். பெரட்டு பெரட்டாகவே இருக்கட்டும். காண்டா, நெரை, ஆயாக்கொட்டாய், கட்டிப்பால் எல்லாம் அவர் சொத்து. அந்தச் சொற்கள் தெரிந்த கடைசித் தலைமுறை அவர்கள். நமக்குப் புரியாவிட்டால் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான்கு: வேலைச் சிக்கல்களைப் புரிந்துகொள்ளுங்கள். தெருவில் வாழ்பவருக்கு மழை வந்தால் தாள் போச்சு. போன் இருந்தால் சார்ஜ் போட இடமில்லை. போன் திருடு போனால் எழுதியதும் போச்சு. முன்கட்டண எண்ணுக்குப் பணம் போடாமல் காலாவதியானால், அந்த எண்ணுக்கு வரும் இரகசியக் குறியீடும் வராது. பிறகு தன் கணக்குக்குள்ளேயே அவரால் நுழைய முடியாது. அதனால் ஒரு பிரதி அவர் சம்மதத்தோடு கிளையில் இருக்கட்டும். தாளை நனையாத பையில் போட்டுக் கொடுங்கள். கணக்கு அவர் பெயரில், கடவுச்சொல் அவரிடம். நம் பக்கத்தில் நம் சின்னத்தோடு போட்டால் அது நம் விளம்பரமாகிவிடும்.

ஐந்து: மற்றவர் பெயர் வரும்போது நிறுத்தி யோசிக்கச் சொல்லுங்கள். மகள், மருமகன், பழைய முதலாளி, பக்கத்தில் படுப்பவர். அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. பெரியவர் தானாகவே தன் மகளைப் பற்றிய பக்கங்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார். "இது அவ படிக்க மட்டும்."

ஆறு: எழுதினால் பணமும் வீடும் வந்துவிடும் என்று ஆசை காட்டாதீர்கள். பியாபாரி முதல் எழுத்து வந்த பிறகும் பல வருஷம் உடல் உழைப்பில்தான் வாழ்ந்தார். நலன்துறை விண்ணப்பம், மருத்துவமனை, அடையாள அட்டை, வாடகை அறை, இவற்றுக்கு எழுத்து மாற்று ஆகாது. அந்த வேலைகளைத் தனியாகச் செய்யுங்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் செய்யுங்கள். எழுத விரும்பாதவருக்குப் பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு.

7. என் முகவரி

ஒருநாள் பெரியவர் என்னைக் கேட்டார். "எல்லாரையும் எழுதச் சொல்றீங்களே, உங்க கதைய எழுதுனீங்களா தம்பி?"

இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் தகுதி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்.

எனக்கு ஒன்பது வயதில் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியது. அப்பாவுக்கு வேலை இல்லை, லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வாடகை முன்பணத்துக்குக் காசில்லை. ஐந்து மாதம் ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கத்தில் இருந்தோம். திருவிழா வந்தால் மூட்டையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, விருந்தாளி மாதிரி நாங்களும் சாமி கும்பிடுவோம். பள்ளியில் ஆசிரியர் முகவரி கேட்டபோது பழைய லயத்து எண்ணையே சொன்னேன். இத்தனை வருஷம் யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் மனைவியைத் தவிர. அப்படி மறைத்து வைத்திருந்தவன், இன்னொருவர் மறைத்ததை ஒரே காலையில் ஊருக்கே காட்டினேன். என் கதைக்கு ஒரு நியாயம், அவர் கதைக்கு ஒரு நியாயம்.

இந்த ஏழாம் பகுதிதான் நான் என்னைப் பற்றி எழுதிய முதல் பக்கம். அச்சுக்கு அனுப்பும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "போடு, ஆனா கோயில் பேரு போடாத" என்றார். போடவில்லை.

பெரியவர் இப்போது ஒரு வாடகை அறையில் இருக்கிறார். அது அவர் எழுத்தால் கிடைத்தது இல்லை. முதியோர் உதவித்தொகையும், ஒரு சாப்பாட்டுக் கடையில் காய்கறி நறுக்கும் வேலையும் சேர்ந்து கிடைத்தது. எழுதுவதை நிறுத்தவில்லை. நோட்டுப் புத்தகம் நான்காவது ஓடுகிறது. தட்டச்சு செய்வது நான்தான். சந்தேகம் வந்தால் போன் பண்ணிக் கேட்பேன். "அதென்ன கேள்வி, எழுதியிருக்கிறபடி போடுங்க" என்பார்.

வகுப்பில் கலந்துரையாட

1. நம் கிளையின் பக்கத்தில் இதுவரை போட்ட சேவைப் படங்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெற்றுக்கொள்பவரின் முகம் தெரிகிறதா? அவரிடம் கேட்டோமா? கேட்காதவற்றை என்ன செய்யலாம்?

2. துறவுக்கும் வீடிழப்புக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.

3. மகாஸ்வேதா தேவி தானே எழுதாமல் பியாபாரியை எழுதச் சொன்னார். நம் கிளை இதழிலோ அறிவிப்புப் பலகையிலோ அப்படி யாருக்கு இடம் கொடுக்கலாம்?

எழுத்துப் பயிற்சி

உங்கள் வீட்டில் தோட்டத்தில் பிறந்த மூத்தவர் யாராவது இருந்தால், லயத்தைவிட்டு வெளியே வந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதியதை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். "இத வகுப்புல படிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், வகுப்புக்கு வெறும் கையோடு வாருங்கள். அதற்கும் முழு மதிப்பெண் உண்டு.